விதிப் புத்தகத்தை வேகவைத்த புதன்கிழமை

ஒழுங்கில்லாதவர்கள் செய்யும் நாசத்துக்கு ஓர் அளவு உண்டு. அவர்கள் பழைய தாளை எங்கேயாவது போட்டு வைத்திருப்பார்கள். கட்டிலுக்கு அடியிலோ, மளிகைச் சீட்டுகளுக்கு நடுவிலோ தேடினால் கிடைத்துவிடும். ஒழுங்கானவர்கள் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, துடைத்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருப்பார்கள். நான் இந்த இரண்டாவது கூட்டம்.

கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், ஏறிய ரயில், குடித்த காபியின் எண்ணிக்கை எல்லாம் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். ஒரு புதன்கிழமைப் பக்கம் மட்டும் கோணல்மாணலாக, டீக்கறையோடு இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு இப்போது விளக்கம் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் தொழிலாளர் நல நிதி அலுவலகம் ஒன்றில் ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுடைய பெண்களின் கல்யாணத்துக்கு அந்த அலுவலகம் உதவி கொடுத்துவந்தது. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று முன்பெல்லாம் ஒரு குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நானும் வந்தோம்.

கம்ப்யூட்டருக்குத் தனி அறை, குளிர்சாதனம், பூப்போட்ட உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். (ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு திரையின் நெற்றியில் தை மாதம் வரை இருந்தது.) மனுவில் உள்ள விவரங்களைத் தட்டினால், நான் எழுதிய நிரல் அவற்றை விதிகளோடு ஒப்பிட்டு, திரையில் 'எலிஜிபிள்' அல்லது 'நாட் எலிஜிபிள்' என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. எனக்கோ நானே நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு.

அப்போது விதி மாறியது. மணப்பெண் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று புது ஆணை வந்தது. பெண்களைப் படிக்க வைப்பதற்கான நல்ல ஏற்பாடு. 'இவ்வாணை இன்று முதல் பெறப்படும் மனுக்களுக்குப் பொருந்தும்' என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். படித்தேன். நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். இன்று முதல் என்றால் இன்று நிரலை மாற்றிவிட வேண்டும் என்று புரிந்துகொண்டு, அன்றே மாற்றினேன்.

படிப்பைப் பற்றிய பழைய வரியை அழித்தேன். புது வரியை எழுதினேன். பழைய நிரலின் நகல் ஒரு பிளாப்பியில் இருந்தது. இனி அது எதற்கு என்று அதையும் அழித்து, மேலே 'காலி' என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்து விதிப் புத்தகம். விதி மாறினால் அச்சடித்த திருத்தச் சீட்டு வரும். பழைய விதியின் மேல் அதை ஒட்டிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுவது வழக்கம். தட்டச்சர் பிலோமினா என்னிடம் சொல்லவும் செய்தார்.

"ஓரத்துல மட்டும் தடவுங்க சுந்தரம். தூக்கிப் பார்த்தா பழசு தெரியணும்."

தூக்கினால் தொங்கும், தொங்கினால் கிழியும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நான் பதில் சொன்னேன். வீட்டிலிருந்து மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தமும் போட்டுக் காய்ச்சிய பசையைக் கொண்டுவந்து, சீட்டு முழுவதும் தடவி, ஸ்கேலால் நீவி, மேலே இரண்டு லெட்ஜர்களை வைத்து அழுத்தினேன். மறுநாள் விரலால் தடவிப் பார்த்தால் ஒட்டு இருப்பதே தெரியவில்லை. (அன்றைய நாட்குறிப்பில் 'திருப்தி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.)

இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலர் வைத்தியநாதன், தணிக்கை வருவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் கம்ப்யூட்டரில் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். அவர் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மனிதர்கள் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் சொல்லாது என்பது அவர் கொள்கை. நான் எல்லாக் கோப்புகளையும் ஓட்டினேன். நிலுவையில் இருந்தவை மட்டுமல்லாமல், உதவி வாங்கிக் கல்யாணம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டவையும் ஓடின. அச்சுப்பொறி அன்று முழுக்க ஓயவில்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழைப் பதினைந்து நாளுக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற கடிதங்கள் கத்தை கத்தையாக விழுந்தன. இத்தனை பேரா அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று வியந்தபடி உறையில் போட்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை மாலை கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அண்ணியின் அப்பா மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தார். அவர் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் அண்ணியின் கல்யாணத்துக்கு இதே உதவியை வாங்கியிருந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. அண்ணி கடிதத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணி படித்தது ஏழாவது வரை.

"தம்பி, இது உங்க ஆபீஸ்தானே?"

ரிப்பன் தேய்ந்து, எல்லா எழுத்துக்கும் அடிப்பாகம் மங்கிப்போன அச்சு. அதை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். ஆமாம் என்றேன்.

"ஆறு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. இப்ப எட்டாவது படிக்கணுமா?"

விதி என்றால் விதிதான், வீட்டு ஆள் என்று பார்க்க முடியாது என்று நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது நினைவில்லை. நாட்குறிப்பில் இருக்கிறது. அண்ணி உள்ளே போய், யு.கே.ஜி. படிக்கும் மகனின் புத்தகப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, இதிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார். அண்ணன் சிரித்தான். அண்ணியின் அப்பா சிரிக்கவில்லை. வாங்கிய உதவியைத் திருப்பிக் கேட்பார்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் இல்லாத விதியை அவர் எப்படி மீறியிருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. இடுப்பில் குழந்தையோடு பெண்கள், அவர்களுடைய அப்பாக்கள், சில கணவன்மார்கள். ஒரு பெண் தன் பழைய பள்ளிக்கே போய் எட்டாவதில் சேர்த்துக்கொள்ளக் கேட்டு, பெரிய டீச்சரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தார். பிலோமினா அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் முருகேசன். திருமுடிவாக்கத்தில் பெயர்த்தகடுகளுக்கு அச்சு வெட்டுகிறவர். பம்பு செட்டிலும் மோட்டாரிலும் ஒட்டியிருக்குமே தகடு, அதற்கு எழுத்தை இரும்பில் இடவலம் மாற்றி வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். அவர் மகள் வசந்தாவுக்கு வியாழக்கிழமை குன்றத்தூரில் கல்யாணம். புது ஆணை வருவதற்குப் பத்து நாள் முன்பே மனு கொடுத்தவர். அலுவலக முத்திரை போட்ட ரசீது சட்டைப்பையில் இருந்தது. உதவி ஆணை கைக்கு வந்தால்தான் சமையல்காரர் சாமான் இறக்குவார். மண்டபத்துக்காரரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சாவியைத் தருவார். என் கம்ப்யூட்டர் வசந்தாவை நாட் எலிஜிபிள் என்று சொல்லியிருந்தது. அவளும் ஏழாவது.

முருகேசன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் மனு குடுக்க சொல்லோ இந்த ரூலு இல்ல சார். பந்தில குந்தினப்புறம் இலைய உருவுறியே, நாயமா?"

அவரை அழைத்துக்கொண்டு அலுவலரிடம் போனேன். அவர் ரசீதைப் பார்த்தார், முருகேசனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நியாயமாத்தான் தெரியுது. ஆனா கம்ப்யூட்டர் இல்லைன்னு சொல்லுதே, நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது?" என்றார். புதன்கிழமை மாலைக்குள் கம்ப்யூட்டர் ஆமாம் என்று சொன்னால் போடுகிறேன் என்றார். அவர் தினமும் ஐந்து பத்து லோக்கல் ரயிலில் போய்விடுவார். வியாழன் அவருக்கு விடுப்பு.

செவ்வாய்க்கிழமை. ஆணை வந்த தேதிக்கு முன் வந்த மனுக்களை எட்டாம் வகுப்பு விதியிலிருந்து விலக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். வசந்தாவின் கோப்பை ஓட்டினேன். நாட் எலிஜிபிள். நான்கு முறை ஓட்டினேன். (ஒரே விடை வரும் என்று தெரிந்தும் நான்கு முறை ஓட்டுவதுதான் பதற்றம் என்பது.) மத்தியானத்துக்கு மேல்தான் புரிந்தது. என் நிரலில் இருந்த ஒரே தேதி, மனுவை நான் கம்ப்யூட்டரில் தட்டிய தேதி. முருகேசன் மனு கொடுத்த வாரம் தினமும் மின்வெட்டு. அதனால் அவருடைய மனுவைப் புது ஆணைக்குப் பிறகுதான் தட்டியிருந்தேன். மனு வந்த தேதி என்ற ஒன்றை நிரலில் நான் கேட்கவே இல்லை. அது முத்திரையில்தான் இருக்கிறதே என்று விட்டிருந்தேன்.

அந்தத் தேதியைக் கேட்க வைத்து, முத்திரையில் இருந்ததைத் தட்டினேன். எலிஜிபிள். அலுவலரிடம் ஓடினேன். அவர் வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு பழைய கோப்பை ஓட்டச் சொன்னார். மணப்பெண் பள்ளிக்கே போகாதவள் என்று எழுதியிருந்த கோப்பு. அந்த மனு பழைய விதிப்படியே தள்ளுபடி ஆனது. கம்ப்யூட்டர் அதற்கும் எலிஜிபிள் என்றது.

"அப்ப பழைய விதியில படிப்பே கேட்கலையா?"

ஏதோ ஒரு வகுப்பு கேட்டிருந்தது. எது என்று எனக்கு நினைவில்லை. நானே எழுதி நானே அழித்த வரி. ஐந்தாவதா, ஏழாவதா? ஒருவேளை வெறும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதுமா?

"பழைய விதியை எனக்குக் கண்ணால காட்டு. அப்புறம் கையெழுத்து," என்றார் அவர்.

பிளாப்பியில் 'காலி' என்று இருந்தது. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டால், எழுத்து மூலம் கேளுங்கள், ஒரு வாரத்தில் நகல் அனுப்புகிறோம் என்றார்கள். பிலோமினாவுக்கும் நினைவில்லை. ஓய்வு பெற்ற குமாஸ்தா காசிக்குப் போயிருந்தார். மீதி இருந்தது விதிப் புத்தகம். அதில் பழைய விதியின் மேல் என் சீட்டு, துத்தம் போட்ட மைதாவில் ஒட்டிக் கல்லாக இருந்தது. பிலோமினா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, நல்லா ஒட்டியிருக்கீங்க என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே முருகேசன் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவரை உள்ளே கூப்பிட்டேன். வசந்தாவின் கோப்பைத் திறந்து, படிப்பு என்ற இடத்தில் ஏழை அழித்துவிட்டு எட்டு என்று தட்டினேன். எந்த விதியாக இருந்தாலும் எட்டுக்குத் தகுதி உண்டு. யாருக்கும் நஷ்டமில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு போடாத சார். அது ஏழுதான் படிச்சுது."

நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்ல. நாளைக்கு மாப்ள வூட்ல எவனாச்சும் எட்டாவது டீச்சர் யாரும்மான்னு கேட்டா அது இன்னா சொல்லும்? நம்மளுக்குக் கெடைக்க வேண்டியது கெடைச்சா போதும்."

மறுபடி ஏழு தட்டினேன். என் காது இரண்டும் சூடாக இருந்தது நினைவிருக்கிறது. இனி அந்தச் சீட்டை உரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர் தடவினால் பழைய அச்சு கலைந்துவிடும். பிளேடு வைத்தால் பக்கமே போய்விடும். முருகேசன்தான் ஆவி காட்டலாம் என்றார். அவர் பட்டறையில் லேபிளை அப்படித்தான் உரிப்பார்களாம்.

மத்தியானம் அலுவலர் சாப்பிடப் போனதும், அவருக்குத் தெரியாமல் விதிப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு (குழந்தையைத் தூக்குவது போல, நெஞ்சோடு அணைத்து) எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்கு முருகேசனோடு இறங்கினேன். அலுவலகச் சொத்தை வெளியே கொண்டுபோனால் வேலை போகும் என்று நியமன உத்தரவில் தெளிவாக இருந்தது. டீ மாஸ்டர் பாய்லர் மூடியைத் திறந்து கொடுத்தார். நான் பக்கத்தை விரித்து ஆவிக்கு மேலே பிடித்தேன். கை வெந்தது. அவர் ஒரு கண்ணை எங்கள் மேல் வைத்துக்கொண்டே டீ ஆற்றினார்.

"இன்னா சார், ரூல வேக வெக்கிறியா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"வெந்தா சொல்லு. ஒரு தட்டு நானும் துன்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் சட்னி கேட்டார். அரை மணி நேரம் போயிற்று. சீட்டின் ஒரு முனை சுருண்டது. முருகேசன் நகத்தால் பிடித்து, மூச்சைக்கூட விடாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் நூல் நூலாக இழுத்தார். பழைய விதி ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. தந்தைக்கு மூன்று வருட வேலை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது. முதல் இரண்டு பெண்களுக்கு மட்டும். அதற்கு அடுத்த வரி படிப்பு. நான் குனிந்தேன். அந்த இடத்தில் வெள்ளையாக, பஞ்சு போல, ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த ஒரு வரியின் மேல்தோல் மட்டும் சீட்டோடு உரிந்து போயிருந்தது. அங்கேதான் நான் பசையைத் தாராளமாகத் தடவியிருக்க வேண்டும்.

மணி மூன்றரை. கல்யாணம் நாளைக் காலை. பக்கத்துச் சலூனில் கண்ணாடி இருக்கிறது, உரிந்த சீட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டினால் ஒருவேளை தெரியும் என்று உளறிக்கொண்டே ஓடினேன். சலூன்காரர் யாருக்கோ பாதி முகம் மழித்திருந்தார். கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்ற முடியாது, ஆணி அடித்தது என்றார். கெஞ்சிக்கொண்டிருக்கும்போது பின்னால் முருகேசன் வந்து நின்றார். ஈரச் சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். வலமிருந்து இடமாக எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. முப்பது வருடமாக இடவலம் மாறிய எழுத்தையே பார்க்கிற மனிதருக்குக் கண்ணாடி எதற்கு?

"மணமகள் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றிருத்தல் வேண்டும்," என்று நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சுதான் சார் கேட்டுகீறான். எம்பொண்ணு ஏழு."

அதற்குப் பிறகு நடந்தவை நாட்குறிப்பில் நிமிடக் கணக்கில் இருக்கின்றன. நான்கு ஐந்துக்குக் கம்ப்யூட்டர் அறை. செருப்பைக் கழற்ற மறந்தேன். பழைய விதியை மறுபடி தட்டினேன். இந்த முறை புதியதை அழிக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதினேன். மனு வந்த நாளைப் பார்த்து, அந்த நாளில் எந்த விதி உயிரோடு இருந்ததோ அதைக் கொண்டு மட்டும் பார்க்கும்படி செய்தேன். நான்கு நாற்பத்தெட்டுக்கு வசந்தா எலிஜிபிள். பள்ளிக்குப் போகாத பெண் நாட் எலிஜிபிள். அண்ணியின் கோப்பையும் ஓட்டினேன். எலிஜிபிள்.

அலுவலர் ஈரப் பக்கத்தையும், சீட்டையும், பிலோமினா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வட்டக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். முருகேசன் கதவருகே கைகட்டி நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"புத்தகத்துல ஏன்யா இஞ்சி வாசனை வருது?" என்று கேட்டார் அலுவலர். நான் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். முருகேசன் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மை காயும் வரை ஊதிவிட்டுத்தான் மடித்தார். அலுவலர் ஐந்து பத்தைத் தவறவிட்டார். அந்த வருடம் அவர் தவறவிட்ட ஒரே ரயில் அதுதான் என்று பிறகு என்னிடம் பலமுறை சொன்னார்.

வியாழக்கிழமைக் கல்யாணத்துக்குப் போனேன். முருகேசன் என்னைச் சம்பந்தியிடம் அழைத்துப் போய், பொஸ்தகத்த வேக வெச்சாரே அந்த சார் இவர்தான் என்று அறிமுகம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் எனக்குச் சமையல் வேலை என்று நினைத்துக்கொண்டு ரசத்தைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

வேலை போகவில்லை. நீட்டித்தார்கள். பசை டப்பாவைத் தொடக்கூடாது என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கூடவே ஒரு தண்டனை. தவறாக அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் ரத்துக் கடிதம் அடித்து, நானே சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். பெருங்களத்தூர், சேலையூர், மாடம்பாக்கம் என்று ஒன்பது நாள் சுற்றினேன். சில வீடுகளில் மோர் கிடைத்தது. சில வீடுகளில் வேறு மாதிரி கிடைத்தது.

கடைசிக் கடிதம் அண்ணியின் அப்பாவுக்கு. அதை அவர் மகளிடமே கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். அண்ணி அடுப்படியில் இருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை வாங்காமல், சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'தங்களுக்கு அனுப்பப்பட்ட கடிதம் தவறுதலானது. தாங்கள் மனு செய்த நாளில் நடைமுறையில் இருந்த விதிப்படி தங்கள் மகள் முழுத் தகுதி உடையவர்' என்று வாசற்படியில் நின்று படித்தேன். முழுத் தகுதி என்ற இடத்தை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். படித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீக்கடையில் என்னதான் நடந்தது என்று கேட்டார். எப்படியும் அவர் அப்பா மூலம் தெரிந்துவிடும் என்பதால் நானே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், மின்கட்டணம், எதைப் பற்றிப் புது அறிவிப்பு பேப்பரில் வந்தாலும் அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். போன வாரம்கூட, எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்த என் மகளின் வருங்கால மாமனாருக்கு முன்னால், முழு மரியாதையோடு கேட்டார்:

"தம்பி, இட்லிப் பானையில ஒரு தட்டு காலியா இருக்கு. உங்களுது எதாவது வேக வைக்கணுமா?"